உடைத்ததாகக் காட்டிய டிஸ்க்

சாட்சியின் பெயர்: பதினெட்டு வயது நிறையாதவர் என்பதால் தனித்தாளில் எழுதி உறையில் வைக்கப்பட்டுள்ளது.
வயது: பதினேழு.
தொழில்: பழைய கம்ப்யூட்டர்களைப் பிரிக்கும் பட்டறையில் வேலை.
முகவரி: தையல் கடைக்கு மேல் முதல் மாடி, பின்பக்கத்து அறை.
உடன் இருந்தவர்: தாயார் (பாதி வரை).

நான் மேற்படி முகவரியில் என் அம்மாவுடனும் என் அண்ணனுடனும் குடியிருந்து வருகிறேன். அப்பா இல்லை. ஒன்பதாம் வகுப்பு பாதியில் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். படிப்பு வராமல் இல்லை. எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், மற்றவர்கள் சிரிப்பார்கள், அதனால் நிறுத்தினேன். எனக்கு எழுதவும் படிக்கவும் தெரியும். நான் மெதுவாகப் பேசுவதற்கு இடம் கொடுத்து, மற்றக் காவலர்களை வெளியே நிற்கச் சொல்லி, பெண் ஆய்வாளர் அவர்களே தன் கையால் இதை எழுதிக்கொண்டார்.

என் அம்மாவின் தம்பி, அதாவது என் தாய்மாமா, மேற்படி பட்டறையில் மேஸ்திரியாக இருக்கிறார். அவர்தான் முதலில் என் அண்ணனை அங்கே சேர்த்துவிட்டார். நான் பள்ளியை நிறுத்தி வீட்டில் சும்மா இருந்தபோது அவர் வந்து என் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்துவிட்டு, "இந்தக் கைக்கு நான் வேலை தர்றேன்க்கா" என்று அம்மாவிடம் சொன்னார். அதன் பிறகு நானும் அங்கே போக ஆரம்பித்தேன். என்னிடம் அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை. மதியம் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் தன் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார். இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

பட்டறை ஒரே நீளமான தகரக் கூரைக் கொட்டகை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று பல இடங்களில் கழித்துப் போட்ட லேப்டாப், பாட்டு கேட்கும் கருவி, கேமரா எல்லாம் அங்கே மூட்டையாக வரும். வாசல் பக்கத்து மேஜையில் ஒரு பெண் அவற்றைப் பிரிப்பார். அவரை எல்லோரும் நெட்டை அக்கா என்று கூப்பிடுவார்கள். அவர் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு தட்டில் வைப்பார். லேப்டாப்பில் இருப்பது உள்ளங்கை அளவு இருக்கும். பாட்டுக் கருவியில் இருப்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சில கேமராக்களில் தபால் தலை அளவில் ஒன்று இருக்கும், அதைக் கையில் வைத்தால் எடையே தெரியாது. இந்தச் சின்ன டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே சுற்றுகிற தட்டு கண்ணாடியால் ஆனது. மேலே பளபளவென்று பூச்சு இருப்பதால் பார்த்தால் இரும்புத் தகடு போலத் தெரியும். நெட்டை அக்கா நல்ல தட்டு ஒன்றைச் சுவரில் மாட்டி அதில் முகம் பார்த்துத் தலை வாருவார். அடி பட்டால் அது கீறாது, வளையாது, ஒரேயடியாகத் தூளாகிவிடும்.

டிஸ்க்குகளை உடைத்துத் தருகிறோம் என்றுதான் எங்கள் முதலாளி அந்த இடங்களில் எல்லாம் ஒப்புக்கொண்டு வாங்கி வருவார். ஆட்களின் நோய் விவரம், சம்பள விவரம், சொந்தப் படங்கள் எல்லாம் அதில் இருக்கும் என்பதால் கொடுக்கிறவர்கள் ஒரு ஆளை அனுப்பி உடைத்ததைப் பார்த்துவரச் சொல்வார்கள். பெரிய டிஸ்க் என்றால் நடுவில் துளை போட்டுக் காட்ட வேண்டும். சின்ன டிஸ்க்குக்குத் துளை கிடையாது. கண்ணாடி என்பதால் சாக்கில் போட்டு அடித்தால் போதும், வெளிக்கூடு அப்படியே இருக்கும், உள்ளே தூள் மட்டும் இருக்கும். வருகிற ஆள் ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்துத் தேங்காயை ஆட்டிப் பார்ப்பது போல ஆட்டிப் பார்ப்பார். உள்ளே மணல் போலச் சத்தம் வந்தால் உடைந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு கூட்டின் மேல் இருக்கும் ஸ்டிக்கரின் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடுவார். யாரும் மூடியைத் திறந்து பார்த்ததில்லை.

நல்ல நிலையில் இருக்கும் சின்ன டிஸ்க் எதையும் பட்டறையில் உடைப்பதில்லை. அவற்றை முதலாளி பழைய லேப்டாப் விற்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார். பழுதாகி வந்த டிஸ்க்குகளை மட்டும் உடைத்து, அந்தக் கூடுகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருப்போம். எங்களுக்குள் அவற்றைப் பிணம் என்றும், நல்ல டிஸ்க்கை உயிர் என்றும் சொல்வோம். உயிரின் மேல் இருக்கும் ஸ்டிக்கரை எடுத்துப் பிணத்தின் மேல் ஒட்டி, அந்தப் பிணத்தைத்தான் வருகிற ஆளிடம் காட்டுவோம். அவர் போன பிறகு அந்த ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு அதே பிணத்தின் மேல் அடுத்த இடத்து ஸ்டிக்கரை ஒட்டுவோம். உயிருக்கு முதலாளி புதிதாக அச்சடித்த ஸ்டிக்கர் தருவார். வேலை கூடக் கூடப் பிணம் போதவில்லை. அதன் பிறகு மாமா காலிக் கூடுகளை எடுத்து, பழுப்பு நிற மருந்து பாட்டில்களை நசுக்கி அந்தத் தூளை உள்ளே போட்டு மூடி வைத்தார். ஆட்டினால் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

ஸ்டிக்கர் வேலை முழுவதும் என்னுடையது. ஹேர் டிரையரால் சூடு காட்டி, ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, நடுவில் சுருக்கம் விழாமல் உரித்து எடுக்க வேண்டும். மற்றவர்கள் செய்தால் கிழிந்துவிடும் அல்லது மூலை மடங்கிவிடும். சேர்ந்த புதிதில் மாமா தன் மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். முதல் ஸ்டிக்கரை நான் கிழிக்காமல் எடுத்ததும் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "பாருங்கய்யா, பூனை பால் குடிச்ச மாதிரி சத்தமே இல்லாம எடுத்துட்டா" என்றார். அன்றிலிருந்து பட்டறையில் என் பெயர் பூனை. நெட்டை அக்கா தினமும் காலையில், "பூனை, இன்னிக்கு வாயைத் திறக்கப் போறியா இல்ல நாளைக்கா? சொல்லிடு, நான் லீவு போடாம வர்றேன்" என்று கேட்பார். நான் சிரிப்பேன். பள்ளியில் சிரித்ததுபோல் அவர்கள் சிரிக்கவில்லை. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

என் அண்ணனுக்குக் கடைசி மேஜை. உயிர் டிஸ்க்குகளைக் கம்ப்யூட்டரில் மாட்டி உள்ளே இருப்பதைத் துடைப்பது அவர் வேலை. ஸ்டிக்கரை அவர் தொட்டதே இல்லை. அவர் விரல்கள் தடிமன், நகம் கடிக்கும் பழக்கமும் உண்டு.

அதன் பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வண்டி நிறைய லேப்டாப் வந்தது. நெட்டை அக்கா பிரித்தார், அண்ணன் துடைத்தார், நான் ஸ்டிக்கர்களை எடுத்துப் பிணங்களில் ஒட்டினேன். ஆஸ்பத்திரி ஸ்டோரிலிருந்து ஒரு ஆள் வந்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்யா பொடி பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இடத்திலிருந்து மறுபடியும் சரக்கு வரும், அப்போது பழையதைத் திரும்பக் காட்டச் சொல்லலாம் என்று முதலாளி எதிர்பார்த்ததால் அந்த மூட்டையில் இருந்த ஸ்டிக்கர்களை உடனே கிழிக்க வேண்டாம் என்று மாமா சொன்னார். மூட்டையைச் சாப்பிடும் இடத்தில் பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைத்தோம்.

அதன் பிறகு சில வாரங்கள் கழித்து ஒரு மதியம் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் பெண் ஒருவர் பட்டறைக்கு வந்தார். நானும் மாமாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வேலை முடிந்து நேராக வந்திருந்தார், வெள்ளை ஷூ போட்டிருந்தார். அதில் ஒரு ஷூவின் கயிறு மட்டும் வேறு நிறம். அவருக்கு என் அண்ணனைவிடக் கொஞ்சம்தான் வயது அதிகம் இருக்கும். அவரும் மாமாவும் பேசியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆய்வாளர் கேட்டுக்கொண்டதால் அதை அப்படியே சொல்கிறேன்.

"வார்டுல நான் வச்சிருந்த லேப்டாப் உங்ககிட்டதான் வந்துச்சு. அதோட டிஸ்க் என்னாச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"அது அப்பவே தூளாயிடுச்சு மேடம். உங்க ஸ்டோர்காரரே வந்து பாத்தாரே."

"அவர் பாத்தா போதாது. நான் பாக்கணும்."

மாமா என்னைப் பார்த்து, "அந்த ஆஸ்பத்திரி மூட்டையை எடுத்துட்டு வாம்மா" என்றார். நான் கையைக் கழுவிவிட்டு மூட்டையை எடுத்து வந்தேன். அந்தப் பெண் ஸ்டோரில் கேட்டு டிஸ்க்கின் எண்ணைக் கையில் பேனாவால் எழுதி வந்திருந்தார். நான் தேடி அந்த எண் உள்ளதை எடுத்துக் கொடுத்தேன். அவர் தன் கையையும் ஸ்டிக்கரையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு மாமா சொல்லிக் கொடுத்தபடி காதில் வைத்து ஆட்டினார். நீண்ட நேரம் ஆட்டினார்.

"இதுல இருந்து எதையும் எடுக்க முடியாதா? போட்டோ மாதிரி?"

"கடவுளே வந்து உக்காந்தாலும் முடியாது மேடம்."

"அப்போ அது இன்னொரு ஆள்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு" என்று அவர் சொன்னார். யாரிடம் என்று மாமா கேட்கவில்லை. அதன் பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "நீதான எடுத்துட்டு வந்தே. நீ சொல்லும்மா, இது அதுதானா?" என்று கேட்டார். மாமா முந்திக்கொண்டு, "அவ பேச மாட்டா மேடம், சின்ன வயசுலேருந்தே கூச்சம். ஆனா பொய் சொல்லவே தெரியாத பொண்ணு" என்றார். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்த ஷூ கயிற்றைப் பார்த்தேன். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் டிஸ்க்கை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கி, "தேங்க்ஸ்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கையில் வைத்திருந்த கூட்டில் இருந்தது பாட்டில் தூள் என்று எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் அம்மா குறுக்கிட்டு, அந்தப் பெண் யார் என்றே தன் மகளுக்குத் தெரியாது, மகள் சின்னப் பெண், பயத்தில் ஏதேதோ சொல்கிறாள் என்றார். ஆய்வாளர் அவரைக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொன்னார்.

அந்தப் பெண்ணின் படங்களை வைத்து ஒருவர் அவரை மிரட்டி வந்ததும், அந்தப் படங்கள் தன் லேப்டாப்பில் இருந்தவை என்று அவர் சந்தேகப்பட்டதும், அதைத் தவிர அந்தப் படங்கள் அவர் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவரிடம் மட்டுமே இருந்ததும் எனக்கு அப்போது தெரியாது. பட்டறைக்கு வந்துபோன பிறகு அவர் தன் வருங்காலக் கணவர்தான் இதைச் செய்தார் என்று முடிவு செய்து, அவர் எவ்வளவு சத்தியம் செய்தும் நம்பாமல், டிஸ்க் தூளாகியிருப்பதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் காதால் கேட்டதாகவும் சொல்லி உறவை முறித்துக்கொண்டதாக ஆய்வாளர் எனக்கு இன்று சொன்னார். அந்த வாரமே அந்தப் பெண் தான் தங்கியிருந்த விடுதி அறையில் இறந்துபோனார்.

அவர் இறந்தது எனக்கு நெட்டை அக்கா மூலம் தெரிந்தது. அவர் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் செய்தியை வாசித்துவிட்டு, "ஐயோ, இந்த முகத்தைப் பாரேன், எவ்வளவு லட்சணம்" என்று என்னிடம் காட்டினார். நான் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் வந்து குழாயை மூடி என்ன என்று கேட்டார். நான் அந்தப் பெண் வந்துபோனதைச் சொன்னேன். அது வரைக்கும் அவருக்கு அது தெரியாது, அவர் அன்று சரக்கு எடுக்க வெளியே போயிருந்தார். அதன் பிறகு அவர் தன் மேஜைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்தார். அப்படி நடுவில் அணைத்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகு மாமாவிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"சொல்லிடலாம் மாமா" என்றார் அண்ணன்.

"எதைடா சொல்லணும்? யார்கிட்ட? சொன்னா செத்தவ எந்திரிச்சு வந்துடுவாளா?"

"அவங்க நம்மகிட்ட வந்து கேட்டிருக்காங்க மாமா."

"கேட்டாங்க. காட்டினோம். போனாங்க. நீ போய் மெஷினைப் போடு."

அண்ணன் மெஷினைப் போடவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாளும் வேலைக்கு வரவில்லை.

அதன் பிறகு காவலர்கள் அந்தப் பெண்ணை மிரட்டிய ஆளைப் பிடித்தார்கள். அவர் பழைய லேப்டாப் வாங்கி விற்பவர். அவரிடம் இருந்த டிஸ்க்கின் மேல் எங்கள் முதலாளி கொடுத்த புது ஸ்டிக்கர் இருந்தது. ஆனால் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் அது பிறந்தபோது தனக்குக் கொடுக்கப்பட்ட எண்ணைத் தானே சொல்லும். மேல் ஸ்டிக்கரை மாற்றலாம், அதை மாற்ற முடியாது. அந்த எண் ஆஸ்பத்திரி ஸ்டோரில் எழுதி வைத்திருந்த எண்ணாக இருந்தது. அதன் பிறகு காவலர்கள் பட்டறைக்கு வந்தபோது முதலாளி, தன் பட்டறையில் எல்லா டிஸ்க்கும் முறைப்படி உடைக்கப்படுவதாகவும், என் அண்ணன்தான் இந்த ஒரு டிஸ்க்கை மட்டும் திருடி, அதன் ஸ்டிக்கரை உடைந்த கூட்டில் ஒட்டி ஏமாற்றி, வெளியில் விற்றுவிட்டதாகவும், அதனால்தான் பயந்துபோய் வேலைக்கு வராமல் நின்றுவிட்டதாகவும் சொன்னார். மாமாவும் அது உண்மை என்று சொன்னார். அப்போது நான் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலையே அண்ணனை வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். நான் அதைச் சரி செய்யச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவரைப் பார்த்ததும் அழுதுகொண்டே, "உன்னை நம்பித்தானடா என் ரெண்டு புள்ளைங்களையும் விட்டேன்" என்றார். மாமாவும் அழுதார். அவர் அழுதது பொய் என்று நான் நினைக்கவில்லை. அதன் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, ஒருத்தன் உள்ள போனா அதோட முடிஞ்சிடும். திருட்டு கேஸ், சின்னப் பையன், சீக்கிரம் விட்டுடுவாங்க. நான் போனா பட்டறை போச்சு, என் புள்ளைங்க நடுத்தெருவுக்கு வந்துடும், உன் பொண்ணும் மாட்டிக்குவா" என்றார். என்னைப் பார்த்து, "உன்னைக் கேட்டாங்கன்னா, அண்ணன்தான் ஸ்டிக்கர் வேலையும் பாத்தான்னு சொல்லும்மா. இல்லன்னா வழக்கம்போல பேசாமலே இரு. அது போதும்" என்றார்.

மாமா போன பிறகு அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் வைத்திருந்தது தீய்ந்துவிட்டது. அதன் பிறகு என்னிடம் வந்து, "மாமா சொல்றதையும் யோசிச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நானும் அம்மாவும் அண்ணனைப் பார்க்கக் காவல் நிலையத்துக்கு வந்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கியிருந்தது. எப்படி என்று அம்மா கேட்டதற்கு, "நானே இடிச்சுக்கிட்டேன்" என்றார். அம்மா தண்ணீர் கேட்டு அந்தப் பக்கம் போனபோது அண்ணன் என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி, "நீ வாயைத் திறக்காதே. ஸ்டிக்கர் ஒட்டினது நான்தான்னு நானே சொல்லிட்டேன். நீ ஒட்டினேன்னு தெரிஞ்சா உன்னையும் இதுக்குள்ள இழுத்துடுவாங்க. புரியுதா பூனை?" என்றார். வீட்டில் அவர் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் தலையை ஆட்டவில்லை. அவர் இரண்டு தடவை கேட்டார். நான் ஆட்டவில்லை.

இன்று காலை நான் அம்மாவிடம் சொல்லிவிட்டு இங்கே வந்தேன். அம்மா தடுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். வாசலில் இருந்த காவலர் என்ன வேண்டும் என்று கேட்டபோது எனக்குக் குரல் வரவில்லை. அவர் மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, "ஊமையா இது?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா, "இல்ல சார், பேசுவா. கொஞ்சம் பொறுங்க" என்றார். அதன் பிறகு நான் பேசினேன்.

மேற்படி டிஸ்க்கின் ஸ்டிக்கரை உரித்து எடுத்தவள் நான். அதைப் பாட்டில் தூள் போட்ட கூட்டின் மேல் ஒட்டியவள் நான். பகல் நேரத்தில், என் மாமாவின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கொடுக்கக் கொடுக்க எல்லோரும் பார்க்கும்படி செய்தேன். அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் அல்ல, அந்த வண்டியில் வந்த எல்லா நல்ல டிஸ்க்குக்கும் அப்படித்தான் செய்தேன். என் அண்ணன் எதையும் திருடவில்லை. திருட வேண்டிய தேவையே அங்கே இல்லை, எல்லாம் முன்வாசல் வழியாகத்தான் போனது. பெஞ்சுக்கு அடியில் அந்த மூட்டை இப்போதும் இருக்கும் என்று சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டு ஆய்வாளர் ஆட்களை அனுப்பி அதை எடுத்து வரச் சொன்னார். மூட்டை வந்ததும் என் எதிரிலேயே ஒன்றைத் திறந்தார்கள். மேஜை மேல் பழுப்புத் தூள் கொட்டியது. இரண்டாவதைத் திறந்தார்கள், அதிலும் பழுப்பு. ஆய்வாளர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது என்ன பாட்டில் என்று கேட்டார். இருமல் மருந்து பாட்டில் என்று சொன்னேன்.

அம்மா இதைப் பார்த்துவிட்டு எழுந்தார். "என் தம்பி" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அதன் பிறகு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மீதியை அவர் கேட்கவில்லை.

நான் சொன்னதால் என் மாமா கைதாகலாம் என்பதையும், என் மேலும் நடவடிக்கை வரலாம் என்பதையும் ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். எனக்குப் புரிந்தது. அண்ணனை எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது என்று ஆய்வாளர் சொன்னார்.

அந்தக் கேள்வி, உன் அண்ணன் துடைத்த பிறகும் அந்தப் பெண்ணின் படங்கள் டிஸ்க்கில் எப்படி இருந்தன என்பது. நான் முதலில் தெரியாது என்றேன். ஆய்வாளர் எழுதவில்லை, பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அதன் பிறகு நான் சொன்னது வருமாறு. டிஸ்க்கைத் துடைப்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று முழுத் துடைப்பு, ஒரு டிஸ்க்குக்குப் பாதி நாள் ஆகும். இன்னொன்று மேல் துடைப்பு, சாப்பிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். மேல் துடைப்பு என்பது புத்தகத்தில் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துப் போடுவது மாதிரி. பார்த்தால் காலியாகத் தெரியும், ஆனால் பக்கங்கள் எல்லாம் உள்ளே இருக்கும், தேடத் தெரிந்தவர்கள் எடுத்துவிடலாம். சரக்கு அதிகமாக வர ஆரம்பித்த பிறகு முதலாளி மேல் துடைப்பு போதும் என்று சொல்லிவிட்டார். அண்ணன் ஆஸ்பத்திரி டிஸ்க்குகளுக்கு அதைத்தான் செய்தார்.

உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும் என்பது உன் அண்ணனுக்குத் தெரியுமா என்று ஆய்வாளர் கேட்டார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நீ பேசாமல் இருந்தால் அப்படியே எழுதிக்கொள்கிறேன், பதில் இல்லை என்று, அது உன் உரிமை என்றும் ஆய்வாளர் சொன்னார். நான் வெளியே பெஞ்சில் இருந்த அம்மாவைக் கதவு வழியாகப் பார்த்தேன். அதன் பிறகு பதில் சொன்னேன்.

தெரியும். எங்கள் வீட்டில் அண்ணனின் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. அதில் என்னைச் சின்ன வயதில் எடுத்த படங்களும் அப்பாவின் படங்களும் இருந்தன. சென்ற வருடம் அதைப் பட்டறைக்கே விற்றோம். விற்பதற்கு முந்தைய நாள் அண்ணன் படங்களை வேறொன்றில் ஏற்றி வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி மாடிப்படியில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். நான், "மேல் துடைச்சா போதாதா?" என்று கேட்டேன். அவர், "அது அடுத்தவங்களுக்கு. நம்ம வீட்டுக்கு இல்ல" என்றார். அப்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அதன் பிறகு மூடியைத் திறந்து, தட்டு ஒரு துண்டுகூட முழுதாக இல்லாமல் மாவாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். நான் அந்த வேலைக்குப் போன பிறகு நல்ல டிஸ்க் ஒன்று உடைக்கப்பட்டதை என் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான்.

இதுவரை எழுதியதை ஆய்வாளர் எனக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினார். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் அண்ணனுக்கு உதவுகிற பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு கடைசிப் பகுதியை எடுத்துவிடலாமா என்று வாசித்து முடித்ததும் ஒரு தடவை கேட்டேன். எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன், ஆனால் நீ சொன்னதில் எது பொய் என்று மட்டும் காட்டு என்று ஆய்வாளர் சொன்னார். பொய் எதுவும் இல்லை. எதையும் எடுக்காமல், நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு இதில் என் கையெழுத்தைப் போடுகிறேன்.

(சாட்சியின் கையெழுத்து)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(பெண் ஆய்வாளர்)

தாயார் கையெழுத்திட மறுத்துவிட்டார்.